சிவப்பு லைட் எரியுதா? பாட்டை நிறுத்து, வண்டியையும் நிறுத்து!

போன வாரம் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குற கூத்தைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் நாலு சக்கரம். 'எங்ககிட்ட ஏதுண்ணா காரு, நாங்களே புட்போர்டு கேஸு'ன்னு சலிச்சுக்காதீங்க. வீட்டுல அப்பாவோ மாமாவோ ஒரு பழைய கார் வச்சிருப்பார். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே உங்க கண்ணு அந்தச் சாவி மேலதான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு.

தேர்டு இயர் படிச்சப்ப நடந்தது. திண்டிவனத்துல சீனியரோட அக்கா கல்யாணம். அப்பாவோட மாருதி 800-ஐ ரெண்டு வாரம் கெஞ்சி வாங்கினேன். 'சர்வீஸ் விட்டுட்டு எடுத்துட்டுப் போ'ன்னு ஒரே ஒரு கண்டிஷன். குரோம்பேட்டையில எங்க குடும்ப மெக்கானிக் ஷெட்டுல சனிக்கிழமை விட்டேன். ஆயில் மாத்தி, ஃபில்டர் மாத்தி, வாட்டர் வாஷ் பண்ணி, சாயங்காலம் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னுச்சு வண்டி. ஞாயித்துக்கிழமை காலையில நாலு பேர் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சோம்.

செங்கல்பட்டு போச்சு, படாளம் போச்சு. கருங்குழி தாண்டும்போது டேஷ்போர்டுல சின்னதா ஒரு சிவப்பு விளக்கு. அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்குமே, மூக்குல ஒரு சொட்டு தொங்கும், அதேதான். பின்னாடி உட்கார்ந்திருந்தவன் 'மச்சி, ஏதோ எரியுதுடா'ன்னான். நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு: 'நேத்துதான்டா சர்வீஸ் விட்டேன், சென்சார் கோளாறா இருக்கும்.' பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். 4 கிலோமீட்டர் போயிருப்போம். இன்ஜினுக்குள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி 'டொக் டொக்'. மதுராந்தகம் ஏரி கண்ணுல படுறதுக்குள்ள ஒரு உதறல், அதோட இன்ஜின் நின்னுபோச்சு. நல்ல வேளை, பயத்துல கால் தானா கிளட்சை மிதிச்சிருச்சு. கியர்ல இருக்கும்போது இன்ஜின் ஜாம் ஆனா சக்கரமும் பூட்டிக்கும், பின்னாடி லாரி வந்திருந்தா இந்தக் கட்டுரையே கிடையாது.

அந்த லைட் என்ன சொல்லுதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. 'ஆயில் கொஞ்சம் கம்மி, வீட்டுக்குப் போனதும் ஊத்து'ன்னு அது சொல்லலை. ஆயிலோட பிரஷர் விழுந்துபோச்சுன்னு சொல்லுது. இன்ஜினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடுறதே இல்லை. நடுவுல மெல்லிசா ஒரு ஆயில் படலம், அது மேல மிதந்துக்கிட்டேதான் சுத்துது. அந்தப் படலம் போச்சுன்னா இரும்போட இரும்பு உரசி, சூடேறி, கடைசியில ஒட்டிக்கும். நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா செகண்டுக்கு 50. நான் 80-ல போய்க்கிட்டு இருந்தேன். 4 கிலோமீட்டருக்கு 3 நிமிஷம். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 9,000 சுத்து, ஆயிலே இல்லாம!

நின்ன வண்டியில முதல்ல எல்லாரும் பண்றது என்ன? செல்ஃப் அடிக்கிறது. நானும் சாவியைத் திருகப் போனேன். நண்பன் கையைத் தட்டிவிட்டான். மெக்கானிக்கல் படிக்கிறவன், நாலு அரியர் வச்சிருந்தாலும் அன்னைக்கு அவன்தான் தெய்வம். லைட் எரிஞ்சு, சத்தம் வந்து, நின்ன இன்ஜினை மறுபடி சுத்த வச்சா, மிச்சம் மீதி இருக்கிறதும் போயிரும். அதே மாதிரி, செல்ஃப் அடிச்சா வழக்கத்தைவிட லேசா 'விர்ர்'ருனு சுத்துதா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்பவும் கையை எடுத்துடுங்க.

எந்தச் சத்தமும் இல்லாம, லைட்டும் எரியாம, சுவிட்ச் அணைச்ச மாதிரி பொசுக்குனு ஆஃப் ஆச்சுன்னா அவ்வளவு பயப்பட வேணாம். சர்வீஸ்ல கழட்டின பேட்டரி டெர்மினலை லூஸா விட்டிருப்பாங்க. இல்லேன்னா ஏர் ஃபில்டர் பக்கத்துல ஒரு சென்சார் கனெக்டரை மாட்ட மறந்திருப்பாங்க. பானெட்டைத் திறந்து கண்ணால பார்த்தாலே தெரிஞ்சிரும். டெம்பரேச்சர் முள் ஏறி, ஆவி வந்து நின்னா கூலன்ட் ஹோஸ் கிளிப். அந்த மூடியைச் சூட்டோட திறந்து முகத்தை வேக வச்சுக்காதீங்க, ப்ளீஸ்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது இன்ஜின் நின்னா பிரேக் கல்லு மாதிரி ஆகிடும். முதல் ஒண்ணு ரெண்டு மிதிதான் லேசா இருக்கும், அதுக்கப்புறம் முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும். பவர் ஸ்டீயரிங் வண்டின்னா அதுவும் கனக்கும். உருளும்போது சாவியை முழுசா உருவிடாதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும். ஹஸார்டு லைட் போட்டு ஓரம் கட்டி, எல்லாரும் இடது பக்கமா இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. நேஷனல் ஹைவேன்னா 1033-க்கு அடிச்சா உதவி வரும். நாங்களும் கிரேன்லதான் போனோம். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கிரேன்ல தொங்குற காருக்குப் பின்னாடி ஷேர் ஆட்டோல போனதை இப்பவும் கல்யாண ஆல்பம் மாதிரி பசங்க எடுத்து எடுத்துப் பேசுவாங்க.

கிரேன் வர்றதுக்குள்ள எங்க மெக்கானிக்கல் தெய்வம் குனிஞ்சு போட்டோ எடுத்தான். வண்டிக்கு அடியில பூரா ஆயில். பின் பம்பர்ல கூட ஆயில் தெறிச்சுப் படிஞ்சிருந்துச்சு. ஆயில் சம்புல ட்ரெயின் போல்ட்டையே காணோம். கையால திருகிட்டு, ஸ்பேனர் போட்டு முறுக்க மறந்திருக்காங்க. ரோட்டு அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா கழண்டு 60 கிலோமீட்டர் தாக்குப்பிடிச்சிருக்கு. டிப்ஸ்டிக்கை உருவினா நுனி காய்ஞ்சு கிடந்துச்சு. அதையும் எடுத்தோம். கிலோமீட்டர் ரீடிங்கையும் எடுத்தோம். சர்வீஸ் பில்லுல இருந்த ரீடிங்கோட வித்தியாசம்தானே நம்ம சாட்சி! மதுராந்தகத்துல ஒரு மெக்கானிக்கை அடியில பார்க்கச் சொல்லி, பார்த்ததை ஒரு தாள்ல எழுதி வாங்கினோம். ஆனா இன்ஜினைப் பிரிக்க விடலை. சர்வீஸ் பண்ணவர் இல்லாதப்ப பிரிச்சா, 'பிரிச்சவன்தான் கெடுத்தான்'னு சொல்லிடலாம் பாருங்க.

மறுநாள் ஷெட்டுக்குப் போனோம். எங்க மெக்கானிக் அண்ணன் போட்டோவைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசலை. திரும்பி, ஐடிஐ முடிச்சுட்டு வேலை கத்துக்க வந்த பையனைப் பார்த்தார். என் வயசுதான் இருக்கும் அவனுக்கு. கையில கிரீஸ் துணியோட தலையைக் குனிஞ்சு நின்னான். அப்புறம் அண்ணன் என்னைக் கேட்டார்: "தம்பி, ஆயில் லைட் எரிஞ்சுச்சா?"

எரியலைன்னு சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. காருக்குள்ள இருந்த மூணு பேரும் என் பக்கம்தான். முழுச் செலவும் அவர் தலையில விழுந்திருக்கும், அந்தப் பையன் வேலையும் போயிருக்கும். அப்பா பக்கத்துலேயே நின்னுக்கிட்டு இருந்தார். எனக்கு அண்ணனைவிட அவரைப் பார்க்கத்தான் பயம். "எரிஞ்சுச்சுண்ணே. 4 கிலோமீட்டர் ஓட்டிட்டேன்"னு சொல்லிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை விடுங்க.

"லைட்டைப் பார்த்ததும் நிறுத்தியிருந்தா ஒரு போல்ட்டும் ஆயிலும்தான் தம்பி செலவு"ன்னார் அண்ணன். லேபர் சார்ஜ் வேண்டாம், ஸ்பேர் பார்ட்ஸ் செலவுல பாதி அவரோடதுன்னு முடிவாச்சு. எங்க பாதி மட்டும் 11,000 ரூபாய். இன்சூரன்ஸ்ல கேட்கலாமேன்னு அப்பா விசாரிச்சார். சாதாரண பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுன் வராதுன்னுட்டாங்க. செமஸ்டர் லீவு பூரா ஒரு ஜெராக்ஸ் கடையில நின்னு அப்பாவுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லா ஷெட்டும் இப்படி ஒத்துக்காது. 'வண்டி பழசு சார், நாங்க என்ன பண்றது'ன்னு கை விரிச்சா, வாய்ச்சண்டை போடாம எழுத்துல புகார் கொடுத்து நகல் வாங்கிக்கங்க. 1915-ங்கிறது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2020 ஜூலையில அமலுக்கு வந்த 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. சர்வீஸுக்குக் கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளதான இருக்கும், அதுக்கு ஃபீஸே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில் இல்லாம போனா மட்டும் ரொம்பக் கஷ்டம். அதனால 'பில்லு வேணாம்ணே, ஜிஎஸ்டி குறைச்சுக்கங்க'ன்னு புத்திசாலித்தனம் காட்டாதீங்க.

இப்பவும் அதே ஷெட்டுலதான் விடுறோம். அந்தப் பையன் சாவியைக் கொடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு, அடியில டார்ச் அடிச்சுக் காட்டுறான். அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவித் துடைச்சு, மறுபடி விட்டு உருவி, அளவைக் காட்டிட்டுத்தான் சாவியே தர்றான். 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கங்கன்னு வேற சொல்றான்.

என்ன, சாவியை அவன் அப்பா கையிலதான் கொடுக்குறான்!