ரயில் நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் நகரப் பேருந்துகளால் இணைக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர்கள், சேலம் மற்றும் நாமக்கல்;
மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், சேலம்;
கோட்ட மேலாளர், தென்னக ரயில்வே, சேலம்.

பொருள்: ரயில் நேரத்தை ஒட்டி நகரப் பேருந்துகள் இயக்குவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

ரயிலை விட்டு இறங்குபவருக்கு அடுத்த பேருந்து எங்கே, எப்போது என்ற கேள்விக்கு எங்கள் வட்டாரத்தில் உறுதியான விடை கிடைப்பதில்லை. இதன் வேர் பழையது. 1860-களில் ரயில் பாதை போடப்பட்டபோது சேலத்துக்கான நிலையம் ஊரைத் தள்ளிச் சூரமங்கலத்தில் அமைந்தது. 1973-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அண்ணா போக்குவரத்துக் கழகம் அரசுப் பேருந்தைக் கிராமங்கள்வரை கொண்டுபோனது. எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதில் அந்தப் பேருந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம். 2013-இல் சேலம் – நாமக்கல் – கரூர் அகல ரயில் பாதை திறக்கப்பட்டதும் மல்லூர், ராசிபுரம், மோகனூர் பக்கத்து மக்களுக்கும் ரயில் கிடைத்தது. 2024-இல் நாமக்கல் புறநகர்ப் பேருந்துகள் முதலைப்பட்டிப் புதிய நிலையத்துக்கு மாறின. பழைய நிலையம் உள்ள மலைக்கோட்டை அடிவாரத்தின் நெரிசலை அறிந்தவர்கள் நாங்கள். அந்த மாற்றத்தை எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய நிலையம் பழையதிலிருந்து விலகியே எழுந்தது. இடைப்பட்ட தூரத்தைக் கடப்பது பயணியின் பாடாக விடப்பட்டது. சாமான்களோடும் கைக்குழந்தையோடும் வருபவர் ரயில் கட்டணத்தைவிடப் பலமடங்கு ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்; பிறகு ரயிலையே விட்டுவிடுகிறார். கூட்டமில்லை என்று கூடுதல் ரயில் மறுக்கப்படும்போது இந்தக் காரணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நகரப் பேருந்து நட்டத்தில் ஓடுகிறது, கூடுதல் நடை எப்படி என்று கேட்கப்படலாம். நாங்கள் கேட்பது பெரும்பாலும் இப்போது ஓடும் பேருந்துகளின் தடத்தையும் நேரத்தையும் சற்றே மாற்றுவதைத்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கான தொகையை அரசே போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அந்தப் பேருந்து வராத நிலைய வாசலில் அந்த உரிமையும் இல்லாமல் போகிறது. ரயில் தாமதமானால் பேருந்து காத்திருக்க முடியாது என்பது நியாயமான மறுப்பே. பகலில் காத்திருக்க வேண்டாம், அடுத்த நடை விரைவில் வந்தால் போதும். இரவின் கடைசி நடை மட்டும் கடைசி ரயில் வந்தபின் புறப்பட வேண்டும். ரயில் மத்திய அரசுடையது, பேருந்து மாநில அரசுடையது என்பதும் தடையாகாது. சென்னைக்கு இவற்றை ஒருங்கிணைக்க 2010-இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கே சட்டம்கூட வேண்டியதில்லை. ஆட்சியர்கள் கூட்டும் ஒரு கூட்டம் போதும்.

எனவே சேலம் சந்திப்பு, பழைய, புதிய பேருந்து நிலையங்களுக்கிடையிலும், நாமக்கல் ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம், முதலைப்பட்டி ஆகியவற்றுக்கிடையிலும் நேரம் குறித்த நகரப் பேருந்துகளை இயக்கவும், கழகப் பேருந்து எட்டாத தடங்களில் 2025-இல் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டத்தின்கீழ் பர்மிட் வழங்கவும், ரயில், பேருந்து நேரங்களை ஒரே பலகையில் தமிழில் எழுதி எல்லா நிலையங்களிலும் வைக்கவும், மூன்று துறைகளும் பயணிகள் பிரதிநிதிகளும் அமரும் கூட்டத்துக்கு விரைவில் நாள் குறிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
பயணிகள் நலச் சங்கம்