ஃபார்மட் போட்டுடலாமா சார்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

லேப்டாப்பை ஆன் பண்றீங்க. கம்பெனி லோகோ வருது. கீழே புள்ளிங்க வட்டம் போடுது. பொசுக்குன்னு அணையுது. மறுபடி லோகோ, மறுபடி புள்ளி, மறுபடி பொசுக். செக்குமாடு மாதிரி அதே இடத்துல சுத்திக்கிட்டே இருக்கு. கடைக்குத் தூக்கிட்டுப் போறீங்க. கடைக்காரர் ஆன் பண்ணி அரை நிமிஷம் பார்க்கிறார். "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டுடலாமா?" நாமளும் தலையை ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிடறோம்.

என் கட்சி இதுதான்: காரணம் தெரியாம ஃபார்மட் போடறது ரிப்பேர்ல சேர்த்தியே கிடையாது. திருடு போன வீட்டுல போலீஸ் வர்றதுக்குள்ள தரையைக் கழுவி வெள்ளையடிக்கிற மாதிரி ஒரு வேலை அது. திருடன் இன்னும் பரண் மேலதான் உட்கார்ந்திருப்பான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். லேப்டாப் கிறுக்குப் பிடிச்சுப் போய் ரீஸ்டார்ட் ஆகறதில்ல. உள்ளே சரி பண்ண முடியாத தப்பு ஒண்ணு நடந்தா, இதுக்கு மேல ஓடினா ஃபைல் எல்லாம் கெட்டுடும்னு விண்டோஸே தன்னை நிறுத்திக்குது. நிறுத்தும்போது ஸ்கிரீன்ல காரணத்தையும் எழுதுது. அதுக்குப் பேர் ஸ்டாப் கோட். 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்'னு வந்தா டிஸ்க் பக்கமும் ஃபைல் சிஸ்டம் பக்கமும் பாருன்னு அர்த்தம். 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா'ன்னு வந்தா ட்ரைவரையும் ரேமையும் சந்தேகப்படணும். முடிஞ்சா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'மினிடம்ப்'னு ஒரு இடத்துல குறிப்பும் போட்டு வைக்குது. பாவம், வாயில்லாப் பொட்டி இதுக்கு மேல என்னதான் பண்ணும்?

இங்கேதான் மைக்ரோசாஃப்டுக்கும் ஒரு குட்டு வைக்கணும். எக்ஸ்பி காலத்துலேர்ந்து 'தப்பு நடந்தா தானாகவே ரீஸ்டார்ட் ஆகு'ன்னு டிஃபால்ட்டா வச்சிருக்காங்க. எழுத்து வந்து, படிக்கிறதுக்குள்ள ஓடிடுது. முன்னாடி எஃப்8 தட்டினா அதை நிறுத்த ஒரு மெனு வரும். 2012ல விண்டோஸ் 8 வந்தப்போ அந்த எஃப்8ஐயும் டிஃபால்ட்டா தூக்கிட்டாங்க. 2025ல நீலத்திரையைக் கருப்பாக்கி இருக்காங்க. கலரை மாத்தினவங்க, ஒரு நிமிஷம் நிக்க வச்சிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்.

சரி, "ஃபார்மட் போட்டா எல்லாம் போயிடும்ல?"ங்கிறவங்களுக்கு ரெண்டு கதை.

முதல் கதை 2003 ஆகஸ்ட். எனக்கு அப்போ ஆறு வயசு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். சீனியர் பதிவர்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். பிளாஸ்டர்னு ஒரு புழு. எக்ஸ்பி மெஷினை நெட்ல மாட்டினா, '60 செகண்ட்ல ஷட்டவுன்'னு ஒரு பொட்டி வந்து எண்ண ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் ஆகி வந்தா மறுபடி 60, 59, 58... எத்தனையோ பேர் ஃபார்மட் போட்டாங்க. பளபளன்னு புது எக்ஸ்பி, நெட் ஒயரைச் சொருகின கொஞ்ச நேரத்துல திரும்ப 60, 59, 58. ஏன்? ஓட்டை எக்ஸ்பியிலேயே இருந்தது. அதை அடைக்கிற பேட்ச் ஜூலை மாசமே வந்தாச்சு. ஃபார்மட் போட்டவங்க ஓட்டையை ஃப்ரெஷ்ஷா மறுபடி நிறுவினாங்க, அவ்வளவுதான். காரணம் தெரிஞ்சவன் ரன் பொட்டியில 'ஷட்டவுன் மைனஸ் ஏ'ன்னு அடிச்சு எண்ணிக்கையை நிறுத்தி, பேட்சைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கினான்.

ரெண்டாவது கதை 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரம் காலையில 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி ஒரு சின்ன அப்டேட் ஃபைலை அனுப்பிச்சு. அவங்க மென்பொருள் 20 உள்ளீடுதான் கொடுத்தது. வந்த ஃபைல் 21வதைக் கேட்டது. இல்லாத இடத்துல போய் நினைவகத்தைப் படிச்சு, மெஷின் விழுந்து, எழுந்து, விழுந்து... மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின். நம்ம ஊர் ஏர்போர்ட்டுங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்களே, அந்த நாள்தான்.

அதுக்கு மருந்து என்ன? சேஃப் மோடுல போய், கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டர்ல 291ன்னு எண் இருக்கிற ஒரு ஃபைலை டெலீட் பண்ணு. ஒரே ஒரு ஃபைல்! உலகமே முடங்கின நாள்லயும் தெரிஞ்சவங்க கொடுத்த மருந்து அதுதான். பாங்க் கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை உண்டுன்னா, எங்க அஞ்செட்டி காலேஜ் பொண்ணு லேப்டாப்புக்கு மட்டும் ஏன் கிடையாது?

நான் ஆணி புடுங்கறது பெங்களூர்ல. ஆனா ஊர் அஞ்செட்டி. ஓசூர்லேர்ந்து தேன்கனிக்கோட்டை வந்து, அங்கேர்ந்து காட்டு ரோட்டுல இறங்கணும். யானை நடமாட்டம்னு பொழுது சாய்ஞ்சா பைக் எடுக்கவே யோசிப்பாங்க. தாலுக்கா ஆயாச்சு, ஆனாலும் ஒரு லேப்டாப் பழுதாச்சுன்னா ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் ஈஸியா கேட்கிறான், "டேட்டா கிளவுட்ல இருக்குமே?"ன்னு. வீடியோ கால் பேச மேட்டுக்கு ஏறணும் ராசா, எங்கேர்ந்து கிளவுட்? அந்தப் பொட்டியில இருக்கிறதுதான் ஒரே பிரதி.

எங்க மாமா ரிட்டயர்டு வாத்தியார். சுத்துப்பட்டுல தமிழு, கன்னடம், தெலுங்கு மூணும் கலந்து பேசற ஊருங்க. எந்த ஊருக்கு ஏன் அந்தப் பேரு, எந்தப் பாறைக்கு என்ன கதைன்னு பெரியவங்க கிட்ட கேட்டுக் கேட்டு ஆறு வருஷமா டைப் பண்ணி வச்சிருந்தார், ஒத்தை விரல்ல. போன வருஷம் லேப்டாப் இப்படி சுத்த ஆரம்பிச்சது. டவுன்ல ஒரு கடை. "ஃபார்மட் போட்டுடலாமா சார்?" மாமாவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஐநூறு ரூபா கொடுத்து வாங்கிட்டு வந்தார்.

நாலே நாள். திரும்ப அதே லோகோ, அதே பொசுக்.

அப்புறம்தான் எனக்கு போன். ஊருக்குப் போய்ப் பின்மூடியைக் கழட்டிப் பார்த்தா, ரெண்டு ரேம்ல ஒண்ணு அவுட். அதை உருவினதும் ஒழுங்கா ஓடுது, இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. ஆனா உள்ளே இருந்தது எஸ்எஸ்டி. பழைய சுத்தற ஹார்ட் டிஸ்கா இருந்தா, ஃபார்மட் போட்ட பிறகும் ஏதாச்சும் தோண்டி எடுக்க வழி உண்டு. எஸ்எஸ்டியில 'டிரிம்'னு ஒண்ணு, அழிச்ச இடத்தை நிஜமாவே துடைச்சு வச்சிடும். எப்பவோ எனக்கு மெயில்ல அனுப்பின 11 பக்கம்தான் மிச்சம். அதுல சொன்ன பெரியவங்கள்ல பாதிப் பேர் இப்போ இல்ல. மாமா ஒண்ணுமே சொல்லல. "பரவால்ல தம்பி, பொட்டியாவது ஓடுதே"ன்னார். எனக்குதான் ஆறல.

ஒரு ரேமுக்காக ஆறு வருஷம்! ஃபார்மட்டால சரியாகிற வியாதியே இல்ல அது.

எனக்கு இன்னும் எரிச்சல் என்னன்னா, இது ஓசூர் பக்கம் நடக்குது. டிவிஎஸ் மோட்டார் 2002ல டெமிங் பரிசு வாங்கின ஊருங்க இது. சிப்காட்ல ஷிஃப்ட் போற எந்தப் பையனையும் கேளுங்க. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா 'ஏன்'னு அஞ்சு தடவை கேட்டு, ரூட் காஸ் எழுதாம சூப்பர்வைசர் விடமாட்டார். "மெஷினை மொத்தமா புதுசா மாட்டிடலாம் சார்"னு சொன்னா கேட் பாஸை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிடுவாங்க. அதே பையன் ஷிஃப்ட் முடிஞ்சு, சொந்த லேப்டாப்புக்கு ஒரு 'ஏன்' கூட கேட்கிறதில்ல.

கடைக்காரர் தரப்பையும் சொல்லணும், இல்லாட்டி பின்னூட்டத்துல கும்மிடுவீங்க :-) ரேம் டெஸ்ட் முழுசா ஓட ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். "செக் பண்ண இருநூறு"ன்னு கேட்டா நாம சண்டைக்குப் போறோம். புது விண்டோஸ் போட்டு வால்பேப்பர் மாத்திக் கொடுத்தா ஐநூறை சந்தோஷமா நீட்டறோம். டாக்டர் கையைப் பிடிச்சுப் பார்க்கிறதுக்கு ஃபீஸ் உண்டுன்னு ஒத்துக்கிறவங்க, லேப்டாப் நாடி பிடிச்சுப் பார்க்கக் காசு தரமாட்டோம். அப்போ அவர் எதை விப்பார்? எது விலை போகுதோ அதைத்தான். அந்தப் பழி நம்ம பக்கமும் உண்டு. ஆனா "உள்ளே முக்கியமானது ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்க ஒரு பைசா செலவில்லையே? அதைக் கேட்காத கடையை மன்னிக்க நான் தயாரில்ல.

திட்டிட்டு மட்டும் போனா மொக்கைப் பதிவாயிடும். ஆக, வீட்டுலயே பண்ண வேண்டியது:

1. சார்ஜர் தவிர மத்ததை எல்லாம் பிடுங்குங்க. பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ், எல்லாம்.

2. லோகோ வரும்போது பவர் பட்டனை பத்து செகண்ட் அமுக்கி அணைங்க. ரெண்டு மூணு தடவை இப்படிப் பண்ணா விண்டோஸே ரிப்பேர் மெனுவுக்கு வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வர்ற பட்டியல்ல 9ஐ அமுக்கினா தானா ரீஸ்டார்ட் ஆகறது நிக்கும். ஸ்டாப் கோடை போன்ல போட்டோ எடுங்க.

3. அதே பட்டியல்ல 4 சேஃப் மோடு. அதுல நிலையா நின்னா, பெரும்பாலும் ட்ரைவரோ கடைசியா வந்த அப்டேட்டோதான் வில்லன். அப்டேட்டை நீக்க அதே மெனுவுல வழி இருக்கு.

4. லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணுங்க. அதுலயும் விழுந்தா விண்டோஸ் மேல பழி போடாதீங்க. ரேம், சூடு, போர்டுன்னு பார்க்கணும். விழாம நின்னா, முதல் வேலையா ஃபைலை எல்லாம் காப்பி பண்ணுங்க.

5. பிட்லாக்கர் கீ கேட்டா பதறாதீங்க. 2024ல வந்த விண்டோஸ் 11 பதிப்புலேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோட புதுசா செட்டப் பண்ணின பொட்டிங்கள்ல டிஸ்க் தானாவே பூட்டிக்குது. அந்த 48 இலக்க சாவி உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். இன்னிக்கே எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

2011 செப்டம்பர்ல அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. நானும் அதுல ஒண்ணு வாங்கினவன். அந்தப் பொட்டிங்கள்ல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. அதாவது மேல சொன்ன நாலாவது வைத்தியம் பொட்டிக்குள்ளயே இருந்தது. ஒருத்தரும் சொல்லித் தரல. கடைங்க முதல் ஃபார்மட்லயே அதைத்தான் தூக்கினாங்க. 2025 பட்ஜெட்ல திரும்பவும் 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தர்றதா அறிவிச்சாங்க. பொட்டியோட இந்த அஞ்சு விஷயத்தையும் ஒரு பக்கத்துல தமிழ்ல அச்சடிச்சு வச்சா என்ன குறைஞ்சுடும்?

அதுவரைக்கும் கடையில யாராச்சும் "ஃபார்மட் போட்டுடலாமா?"ன்னா மூணு கேள்வி கேளுங்க. ஸ்டாப் கோட் என்ன வந்துச்சு? ரேமும் டிஸ்கும் பார்த்தாச்சா? என் ஃபைல் எல்லாம் எங்கே எடுத்து வச்சிருக்கீங்க? மூணுக்கும் பதில் வந்தா தாராளமா போடச் சொல்லுங்க. வரலைன்னா பொட்டியைப் பையில போட்டுக்கிட்டு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: அஞ்செட்டி சுத்துவட்டாரத்து ஊர்ப் பெயர்க் கதை யாருக்காச்சும் தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. மாமா மறுபடி ஒத்தை விரல்ல ஆரம்பிச்சிருக்கார். இந்த தடவை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பென் டிரைவ்ல ஒரு பிரதி என் கைக்கு வருது.