மீனைப் பறித்துவிட்டு இரங்கலாமா?

பெங்குவின் என்றதும் பனிக்கட்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், வெயில் அடிக்கும் ஆப்பிரிக்காவிலும் ஒரு பெங்குவின் இனம் உண்டு. தென் ஆப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் கடற்கரையிலும் சிறு தீவுகளிலும் அது வாழ்கிறது. கழுதை போலக் கத்தும். கறுப்புக் கோட்டுப் போட்ட கனவான் போல நடக்கும்.

அந்தப் பறவை இன்று அடியோடு அழியும் நிலையில் இருக்கிறது!

100 ஆண்டுகளுக்கு முன்பு இவை 10 லட்சத்துக்கும் மேல் இருந்தன. இப்போது 10 ஆயிரம் ஜோடிகள்கூட இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று 2024-ம் ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

வீடு போயிற்று

இது யார் செய்த கொடுமை? மனிதன் செய்ததுதான்.

தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் கெட்டியாகப் படிந்து கிடந்தது. அதில் வளை தோண்டி, பெங்குவின் முட்டையிட்டது. வெயில் படாத வீடு அது. எச்சம் நல்ல உரம் என்று கண்ட மனிதன், அதைச் சுரண்டி விற்றான். முட்டைகளையும் விட்டு வைக்கவில்லை. லட்சக்கணக்கில் எடுத்துத் தின்றான்.

2000-ம் ஆண்டு ஜூன் மாதம், கேப்டவுன் அருகே 'டிரஷர்' என்ற கப்பல் மூழ்கியது. கடலில் எண்ணெய் பரவியது. சுமார் 19 ஆயிரம் பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஓடி வந்து, அவற்றைக் கழுவிக் காப்பாற்றினார்கள்.

மனிதனுக்கு இரக்கம் உண்டு. ஆனால், இரக்கம் மட்டும் வயிற்றை நிரப்புமா?

பட்டினி

மத்தியும் நெத்திலியும்தான் இதன் உணவு. ஆண்டுக்கு ஒரு முறை இது பழைய இறகுகளை உதிர்க்கும். புது இறகு முளைக்க சுமார் 3 வாரம் ஆகும். அதுவரை கடலில் இறங்க முடியாது. முன்கூட்டியே தின்று கொழுத்தால்தான் உயிர் தப்பும். ஆனால் கடலின் தன்மை மாறியது. பெரிய படகுகளும் மீனை வாரி எடுத்தன. இரை அரிதாகிவிட்டது.

பெங்குவின் வாழும் 6 இடங்களைச் சுற்றி, 10 ஆண்டுகளுக்கு மத்தி, நெத்திலி பிடிக்கும் வியாபாரப் படகுகள் வரக்கூடாது என்று 2025 மார்ச் மாதம் தென் ஆப்பிரிக்கக் கோர்ட்டு உத்தரவிட்டது. பறவைப் பாதுகாப்புச் சங்கங்களும் மீன்பிடித் தொழில் அதிபர்களும் பேசி ஒப்புக்கொண்ட முடிவு அது.

"மீன் பிடிப்பவர்கள் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் கடல் பெரிது. படகு எவ்வளவு தூரமும் போகும். குஞ்சுகளைக் கூட்டில் விட்டு வந்த தாய்ப்பறவை போகுமா?

எண்ணெயைக் கழுவியது நல்ல காரியம். வாய்க்கு எட்டும் மீனை விட்டு வைப்பது அதைவிடப் பெரிய தர்மம். அந்த 10 ஆண்டில் ஒரு நாள்கூடக் குறையக்கூடாது!