ஒரு புத்தகக் கடைக்காரரின் அரசியல்

பிரெஞ்சு அரசியலில் ஒருவரை மட்டம் தட்ட இன்றும் பயன்படும் சொல் ‘பூஜாதிஸம்’. படித்தவர்களைக் கண்டால் ஆகாத, வரி என்றாலே சீறுகிற கடைத்தெரு மனப்பான்மை என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். சொல்லுக்குப் பெயர் தந்த பியேர் பூஜாத் (1920–2003) தென்மேற்குப் பிரான்ஸில் சான்-செரே என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்தவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். அறிவுஜீவிகளை ஓயாமல் ஏளனம் செய்த இம்மனிதர் விற்றது எழுதுபொருள்களும் புத்தகங்களும் என்பது நம் போன்ற வாசகர்களைச் சற்றே நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டிய செய்தி.

1953 ஜூலையில் கணக்கைச் சோதிக்க வரி ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்ற தகவலைக் கம்யூனிஸ்ட் கவுன்சிலர் ஒருவர் அவரிடம் கொண்டுவந்தார். பூஜாதும் அந்நகரசபையின் உறுப்பினரே. கடைக்காரர்கள் திரண்டு நின்று ஆய்வாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் சிறுவணிகர், கைவினைஞர் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. 1956 ஜனவரித் தேர்தலில் அவருடைய இயக்கம் பதினொரு சதவீதத்துக்கு மேல் வாக்குகளையும் ஐம்பதுக்கும் அதிகமான இடங்களையும் பெற்றது. அவர் மட்டும் போட்டியிடவில்லை.

இந்தச் சீற்றம் வெறும் கூச்சல் அன்று. போர்க்காலத்திலும் அதையடுத்த பணவீக்க ஆண்டுகளிலும் அலமாரியில் கிடந்த சரக்கு தானாகவே விலையேறியது. 1952க்குப் பின் விலைவாசி நிலைத்ததும் அந்த வசதி போய், வரியின் கனம் தோளில் தெரிந்தது. பிள்ளைகள் பெருநகரங்களுக்குப் பெயர்ந்தனர், வாடிக்கையாளர் குறைந்தனர். ஓர் ஊரே மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

ரோலான் பார்த் தமது ‘மித்தாலஜி’ நூலில் (1957) பூஜாதின் பேச்சைப் பகுத்துக் காட்டுகிறார். கொடுத்ததற்குச் சரியாகத் திரும்பப் பெறும் கல்லாக்கணக்கே உலக நியாயம் என நம்பும் மொழி அது என்பது அவர் கண்டது. இதில் நமக்கு மறுப்பில்லை. எனினும் பேச்சைக் கேட்ட கூர்மையில் ஒரு பங்கையாவது அந்தக் கல்லாவின் கணக்கேட்டைப் பார்க்கவும் பார்த் செலவிட்டிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. நையாண்டிக்கு ஆளானவன் தன் கடனை மறப்பதில்லை. நையாண்டி செய்தவனையும் மறப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் பூஜாதுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மெய்யான கணக்கேட்டின் பற்றுப் பகுதியில் அவர் எழுதியது பொய்யான பெயர். யூதரான முன்னாள் பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸை அவருடைய பிறப்பைச் சுட்டி இழிவுபடுத்தினார். அந்தக் கணத்திலேயே கடைக்காரனின் வழக்கு தோற்றுவிட்டது. 1957 தொடக்கத்தில் பாரிஸ் இடைத்தேர்தலில் நின்று பூஜாத் தோற்றார். 1958இல் தெ கோல் திரும்பியதும் இயக்கம் சிதறியது. 1981இல் அவரே சோஷலிஸ்ட் மித்தராணை ஆதரித்தார். ஆனால் 1956இல் அவருடைய அணியில் சபைக்குள் நுழைந்த 27 வயது இளைஞர் ழான்-மாரி லெ பென், 1972இல் தேசிய முன்னணியைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி அதன் தலைவருமானார். கடைக்காரனின் கடன் தீரவில்லை. வெறுப்புக்கு மட்டும் வாரிசு கிடைத்தது.

ஒரு சிறுகடைக்காரன் மேடையேறும்போது அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் முன் அவன் கணக்கேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது எழுதுகிறவர்களின் கடமை என்கிறோம். நாம் படிக்க மறுக்கும் ஏட்டை வேறொருவர் வாங்கிப் படிப்பார். அதில் தமக்கு வேண்டிய பெயரையும் எழுதிக்கொள்வார்.