பகலில் தூங்குபவர் சோம்பேறியா? மில் ஊரில் ஒரு மூளைக் கணக்கு

"காலையில வந்து படுத்தவன், மத்தியானம் வரைக்கும் தூங்கியாச்சு. இன்னும் என்ன அசதி?" ராஜபாளையத்தில் நூற்பாலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு இது. முழு நைட் முடித்து வந்தவரிடம் இதற்குப் பதில் இருக்காது. மூளையிடம் இருக்கிறது.

ஓய்வு என்றால் மூளை சும்மா கிடக்கும் என்றுதான் நினைக்கிறோம். தூங்காமல், கண்ணை மட்டும் மூடிச் சாய்ந்து உட்காருங்கள். பின்மண்டைப் பக்கம் விநாடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் மின் அலை தெளிவாகப் பதிவாகும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். இதுதான் ஆல்பா அலை. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை.

தூங்கிய பிறகு வேறு தாளம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆழ்ந்த உறக்கத்தில் அலைகள் பெரிதாகி மெதுவாகும். கனவுக் கட்டம் வந்ததும் நார்அட்ரினலின், செரோட்டோனின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும், அசிட்டைல்கோலின் உயரும். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு இரவில் இப்படி நான்கைந்து சுற்று.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நாள் கடிகாரம். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்து அது. இருட்டினால் மெலடோனின் சுரக்கச் சொல்லும். விடியும் முன்பே உடல் சூட்டை ஏற்றத் தொடங்கும்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடியற்காலை எழுவது புதிதல்ல. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்களில் 10, தூங்குகிற தோழிகளை எழுப்பத்தான். அந்தத் தோழிகளாவது இரவில் தூங்கியவர்கள்!

முழு நைட் முடித்தவர் படுப்பதோ, கடிகாரம் 'எழுந்திரு' என்று சொல்லும் நேரத்தில். இரவெல்லாம் விழித்ததால் மூளையில் அடினோசின் சேர்ந்திருக்கும். படுத்ததும் தூக்கம் வந்துவிடும். (டீ இந்த அடினோசினைக் குறைப்பதில்லை, அதன் வேலையைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான்.) ஆனால் சில மணி நேரத்தில் அடினோசின் குறைந்ததும் கடிகாரம் ஜெயித்துவிடும். தூக்கம் கலையும், கடைசிச் சுற்றுகள் போச்சு. மிக்ஸி சத்தமும் காலிங் பெல்லும் தனிக் கணக்கு.

இந்தக் கடிகாரத்தை ஆராய வெளிநாடு போக வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குகை வௌவால்களின் நாள் தாளத்தை ஆராய்ந்தார். சூரிய வெளிச்சமோ கடிகாரமோ இல்லாத தனி அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தார். இப்படித் தனித்து விடப்பட்டவர்களின் 'நாள்' பெரும்பாலும் 24 மணி நேரத்தைத் தாண்டி நீள்கிறது. அதாவது, உடலுக்குத் தள்ளித் தூங்குவது எளிது, முன்கூட்டித் தூங்குவது கஷ்டம்.

மில் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கி மாறினால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும். முழு நைட்டிலிருந்து அரை நைட், அப்புறம் பகல் என்று பின்னோக்கி மாற்றினால் திணறும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் பின்னோக்கிய, வாராந்தர மாற்றத்தை முன்னோக்கியதாக்கி, 3 வாரத்துக்கு ஒருமுறை என்று நீட்டினார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடின என்று 1982இல் ஆய்வு வெளியானது. இதற்குப் புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. அட்டவணையை மாற்றினார்கள்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லேயே, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள' பட்டியலில் சேர்த்தது. சென்னை ஐ.டி. கம்பெனியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒரு வித்தியாசம்: அவர்களைக் கொண்டுபோய் விட கேப் வருகிறது. மில்லிலிருந்து திரும்புபவர் காலை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டே சைக்கிள் மிதிக்கிறார். அந்த வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் உசுப்பிவிடும். ஒரு கூலிங் கிளாஸும், படுக்கும் அறை ஜன்னலுக்கு ஒரு கனமான போர்வையும் கொஞ்சம் உதவும். மீதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அந்த ஷிப்ட் அட்டவணையில் இருக்கிறது.