ஆகாயப் படமும் மலைவாசிகளின் நிலமும்

செயற்கைக் கோள் என்றால், ஏதோ வானத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டேயிருக்கும் ஒரு புதுக் கடவுள் என்றே நம் ஜனங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய கடவுளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்லிப் பிழைத்தவர்கள் இருந்ததுபோலவே, இந்தப் புதுக் கண்ணின் பேரைச் சொல்லி ஏழைகளை மிரட்டுகிறவர்களும் கிளம்பமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்? ஆகையால் கள்ளக்குறிச்சி ஜில்லாவாசிகள், முக்கியமாய்க் கல்வராயன் மலையிலுள்ள நம் சகோதரர்கள், இக்கோளால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று தெரிந்துகொள்ளவேண்டியது அவசியமாகும்.

நம் நாட்டு ஐ.ஆர்.எஸ். வரிசையில் முதல் பூமி நோக்குக் கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 1988ம் வருஷம் மார்ச்சு 17ந் தேதி ருஷ்யர்களின் பைக்கனூரிலிருந்து ஏற்றப்பட்டது. பிறகு அதன் வழியில் ரிசோர்ஸ்சாட் என்ற பெயருடைய கோள்கள் 2003, 2011, 2016 வருஷங்களில் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்தே ஏற்றப்பட்டன. இவை பூமிக்குமேல் 817 கிலோ மீட்டர் உயரத்தில், வடக்குந் தெற்குமாக, 101 நிமிஷத்துக்கு ஒருதரம் பூமியைச் சுற்றும்படி அமைக்கப்பட்டவை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமி சரியான உருண்டையல்ல. அதன் இடுப்பு, துருவங்களைவிட 21 கிலோ மீட்டர் பருத்திருக்கிறது. அந்தப் பருமனின் இழுப்பால் கோள் சுற்றும் வட்டமே மெள்ளத் திரும்புகிறது. நம் விஞ்ஞானிகள் வட்டத்தின் சாய்வைக் கணக்காக வைத்து, அது தினம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி, ஒரு வருஷத்தில் முழுச் சுற்று வந்துவிடும்படி செய்துவிட்டார்கள். அதனால் கோள் எந்த நாளில் நம் தலைக்குமேல் வந்தாலும் ஏறக்குறையக் காலை 10-30 மணிக்கே வருகிறது. ஒரே வேளையில் எடுத்த படங்களானதால், இந்த வருஷத்துப் படத்தையும் போன வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், தெரியும் மாறுதல் நிலத்தின் மாறுதலேயன்றி, மணிக்கு மணி நீண்டு குறுகும் நிழலின் மாறுதலல்ல.

வெள்ளிக்கிழமை 10-30க்கு ராகுகாலம் தொடங்குவதாகப் பஞ்சாங்கம் சொல்லுகிறது. கோள் அன்றைக்கும் 10-30க்கே வந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறது! இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்களிலேயே பெரிய உத்தியோகஸ்தர்கள் ராக்கெட்டின் பொம்மையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போவதையும், 2009ம் வருஷத்தில் 12ம் நம்பர் ராக்கெட்டுக்குப் பிறகு 13ஐ விட்டுவிட்டு 14 என்று பெயரிட்டதையும் என்னவென்று சொல்லுவது? கோளுக்கு இல்லாத பயம் கோளைச் செய்தவர்களுக்கு இருக்கிறது.

நிற்க, நம் மலைக்கு வருவோம். அங்கு மலையாளிகள் என்ற பெயருடைய மலைவாசிகள் (இவர்களுக்குங் கேரளத்துக்குஞ் சம்பந்தமில்லை) 1976ம் வருஷம் வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தவர்கள். பரம்பரையாய் உழுத நிலத்துக்கு இவர்களிடம் காகிதம் ஏது? 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டமானது, 2005 டிசம்பர் 13ந் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிட்டு வாழும் இப்படிப்பட்டவர்களுக்கு, உழுதுவரும் அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை தரவேண்டும் என்கிறது. சாட்சியங்களில் ஆகாயப் படமும் ஒன்றென்று விதி சொல்லுகிறது. இங்குதான் ஜாக்கிரதை வேண்டும்.

சட்டத்தின் கெடு தேதிக்கு இரண்டு வருஷம் முந்தி, 2003 அக்டோபரில் ஏறிய கோளின் ஒரு காமிராவில், படத்தின் ஒரு கட்டம் தரையில் 23½ மீட்டர், அதாவது 77 அடிச் சதுரம். அரை ஏக்கர் சாமைக் கொல்லை அந்தப் படத்தில் நாலு கட்டம்கூட ஆகாது. குடிசை தெரியவே தெரியாது. மேகம் மூடினாலோ ஒன்றுமே தெரியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார்க் கோள் நம் சர்க்காருக்கு வந்ததெல்லாம் கெடு தேதிக்குப் பிறகுதான். இன்னும் கேளுங்கள். நம் நாட்டு வன சர்வே இலாகாவின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மர நிழல் இருந்தால், நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று பாராமல் அது வனப்பரப்பு! பாட்டன் வைத்த புளியந்தோப்பும் பலாத்தோப்பும் படத்தில் காடாகிவிடும். இரண்டு வருஷம் கரம்பாய்ப் போட்ட கொல்லை புதராகத் தெரியும். ஆகவே எந்த அதிகாரியாவது "படத்தில் உன் நிலம் இல்லை" என்று மனுவைத் தள்ளுவாரானால், அவருக்கும் "சாஸ்திரத்தில் உனக்கு இடமில்லை" என்று ஓலையைக் காட்டிய பழைய புரோகிதருக்கும் என்ன வித்தியாசம்? படத்தின்மேல் பிசகில்லை, அதை வேதமாக்குவதே பிசகு. 2012ம் வருஷத்துத் திருத்த விதியோ, ஆகாயப் படம் மற்றச் சாட்சியத்துக்குத் துணையாகலாமேயொழிய அதற்குப் பதிலாகாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

2024ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் 65 பேருக்குமேல் மாண்டார்களே, அதை வானத்துக் கண் பார்த்ததா? பார்க்காது, அது அதன் வேலையுமல்ல. தெருவில் நடக்கும் மனிதக் கண்கள் பார்த்திருக்கவேண்டியது அது. அத்தனை உயிர் போன பிறகுதான் கல்வராயன் மலைவாசிகளின் வாழ்வு சென்னை ஹைக்கோர்ட்டின் விசாரணைக்கு வந்தது.

இதற்காக நாம் கோள் வேண்டாமென்று சொல்லவரவில்லை. அதே ஆயுதத்தை மலைவாசிகளும் எடுக்கலாம். அமெரிக்கர்களின் லாண்ட்சாட் கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008 முதல் யாவருக்கும் இனாமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டுப் புவன் என்னும் தளமும் 2009 முதல் உண்டு. மலைக் கிராமங்களில் படிக்கும் வாலிபர்கள் இப்படங்களை எடுத்து, தேதியோடும் அளவோடும் கிராம சபையில் விரித்துத் தமிழில் விளக்கவேண்டும். கொல்லை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் கல் வரப்பு, கிணறு, இடுகாடு, மனுதாரரல்லாத வயோதிகரின் வாக்குமூலம் ஆகிய எல்லாம் விதிப்படியே சாட்சியங்கள்தான். கிராம சபையின் தீர்மானத்தால் குறை ஏற்பட்டால் 60 நாளைக்குள் சப்-டிவிஷன் கமிட்டிக்கும், அங்கேயும் குறையானால் அதன் தீர்மானத்திலிருந்து 60 நாளைக்குள் ஜில்லாக் கமிட்டிக்கும் மனுச் செய்துகொள்ள இடமிருக்கிறது. மனுவில் எந்தக் கோள், எந்தத் தேதிப் படம், ஒரு கட்டம் எத்தனை அடி என்ற மூன்று கேள்விகளையும் தவறாமல் எழுதிக் கேட்கவேண்டியது.