துப்பாக்கியின் இரு முனைகளிலும் நம் பிள்ளைகள்



2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று, தளத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, தன் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பலனின்றி 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தச் சிறுவன் இறந்தான். தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மக்கள் போராடிய பிறகு தளத்தில் பயிற்சி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான், டிசம்பர் 28ஆம் தேதி, மாசில்லாக் குழந்தைகளின் விழாவைத் திருச்சபை கொண்டாடியது. பெத்லகேமில் ஏரோதின் வீரர்கள் குழந்தைகளைத் தேடிக் கொன்றார்கள். பசுமலைப்பட்டியில் எவரும் அந்தச் சிறுவனைக் குறிவைக்கவில்லை. யாருக்கும் கொல்லும் எண்ணம் இல்லாமலே ஓர் உயிர் போயிற்று. ஆகவேதான் இந்த நிகழ்வை நாம் எளிதில் மறந்துவிடக் கூடாது. படைவீரர்களுக்கு அளிக்கப்படும் ஆயுதப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும், அது எதைக் கற்றுத்தர வேண்டும் என்று பங்கு மக்களாகிய நாமும் கேட்க வேண்டியிருக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சென்னைத் துறைமுகத்தின் வாயில்களைக் காவல் காப்பதும் இதே மத்திய தொழில் பாதுகாப்புப் படைதான். கடலோரக் காவல்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் நம் நகரில் இருக்கிறது. அதன் கப்பல்கள் நம் துறைமுகத்தில் நிற்கின்றன. அவற்றில் சில, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அந்தப் பெயர் இன்றும் நம் பேச்சில் ஒரு சொல்லாக வாழ்கிறது. ஆயுதம் என்பது வடசென்னைக்குத் தொலைதூரத்துச் செய்தி அல்ல.

சீருடையின் நல்ல முகத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கடலோரக் காவல்படையினர் மீனவர்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து கரையில் படிந்த கழிவை வாளி வாளியாக அள்ளினார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் இளைஞர்களில் பலருக்குப் படையில் சேர்வது ஒரு கனவு. நிலையான ஊதியம், மரியாதை, நாட்டுக்கு உழைக்கும் பெருமை ஆகிய எல்லாம் அந்தக் கனவில் இருக்கின்றன. அதைக் குறைசொல்ல நாம் இங்கே எழுதவில்லை.

ஆனால் அதே தெருவில், அதே குடும்பத்தில், இன்னொரு பிள்ளை வலையோடு கடலுக்குப் போகிறான். ஒருவன் துப்பாக்கியைப் பிடிக்கிறான். மற்றவன் துப்பாக்கி ஏந்திய கப்பல்கள் நடமாடும் கடலில் பிழைக்கிறான். துப்பாக்கியின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்தாம்.

கடல் தரும் பாடங்கள்

2012 பிப்ரவரி 15ஆம் தேதி கேரளக் கடற்பகுதியில் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், 'புனித அந்தோணி' என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். படகில் வருவோர் கடற்கொள்ளையர் என்று எண்ணிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டம் பூத்துறையைச் சேர்ந்த இளைஞர். வீரர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பின், 2021 ஜூன் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது.

அதே 2012இல், ஜூலை 16ஆம் தேதி, துபாயின் ஜெபல் அலி துறைமுகம் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து சுட்டதில் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார். மேலும் மூவர் காயமடைந்தனர். எச்சரிக்கையை மீறிப் படகு நெருங்கி வந்தது என்றது அமெரிக்கக் கடற்படை. அப்படி எந்த எச்சரிக்கையும் தங்களுக்கு வரவில்லை என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள்.

2017 மார்ச் 6ஆம் தேதி தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளம் மீனவர் கடலில் சுட்டுக்கொல்லப்பட்டார். மீனவர்கள் இலங்கைக் கடற்படையைக் குற்றம் சாட்டினார்கள். அக்கடற்படை மறுத்தது. 2022 அக்டோபர் 21ஆம் தேதி, காரைக்காலிலிருந்து சென்ற விசைப்படகின் மீது நம் நாட்டுக் கடற்படையின் 'பங்காரம்' கப்பலே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை விளக்கம் தந்தது.

இந்த நிகழ்வுகளில் நாடுகள் வேறு, கொடிகள் வேறு. ஆனால் ஒன்று பொதுவாக இருக்கிறது. ஆயுதம் ஏந்தியவர்களுக்குச் சுடத் தெரிந்திருந்தது. எதிரே வருவது யார் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதில்தான் பிழை நேர்ந்தது, அல்லது எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வலை கடலில் கிடக்கும்போது படகை நினைத்த நேரத்தில் திருப்ப முடியாது என்பதும், இயந்திரச் சத்தத்தில் ஒலிபெருக்கி கேட்காது என்பதும் காசிமேட்டில் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. கப்பலில் துப்பாக்கியோடு நிற்கும் இளைஞனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பயிற்சி என்ன செய்கிறது?

இயல்பாக மனிதன் மனிதனைச் சுடத் தயங்குகிறான். இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான அமெரிக்க வீரர்கள் எதிரியை நோக்கிச் சுடவே இல்லை என்று 1947இல் எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற இராணுவ எழுத்தாளர் கூறினார். அவர் தந்த கணக்கை வரலாற்று அறிஞர்கள் பின்னர் ஐயத்தோடு பார்த்தார்கள். என்றாலும் பயிற்சி முறை மாறியது. வட்டம் வரைந்த பலகைக்குப் பதிலாக, திடீரென்று எழுந்து நிற்கும் மனித உருவப் பலகைகள் வந்தன. யோசிக்காமல், பார்த்த நொடியில் சுடும் பழக்கத்தைக் கைகளுக்கு ஏற்றுவதே நோக்கம்.

போர்முனையில் இது வீரனின் உயிரைக் காக்கலாம். ஆனால் தயக்கத்தை முழுவதும் அழித்துவிட்டால், அதே கைகள் மீன்பிடிப் படகைக் கண்டபோது என்ன செய்யும்? ஆகையால் நல்ல பயிற்சி என்பது இரண்டு பகுதிகள் கொண்டது. சுடுவதைக் கற்றுத்தருவது ஒரு பகுதி. சுடாமல் நிற்பதைக் கற்றுத்தருவது மற்றொரு பகுதி. ஒலியால் எச்சரித்தல், வானொலியில் அழைத்தல், வெளிச்சம் காட்டுதல், படகுக்கு முன்னே தண்ணீரில் சுடுதல் என்று ஒவ்வொரு படியாகச் செல்ல வேண்டும். கடைசிப் படிக்குப் போகும் முன் இலக்கு யாரென்று உறுதி செய்ய வேண்டும்.

பயிற்சித் தளத்துக்கும் இதே கவனம் தேவை. நம் படைகள் நெடுநாள் பயன்படுத்திய இன்சாஸ் துப்பாக்கி, 400 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைத் தாக்கும் வகையில் செய்யப்பட்டது. ஆனால் அதன் குண்டு, தடுக்கும் மண்மேடு இல்லையென்றால் கிலோமீட்டர் கணக்கில் பறந்து போகும். மண்மேட்டின் உயரம், செங்கொடி, காவலுக்கு ஆள், ஊருக்கு முன்னறிவிப்பு ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒரு குழந்தையின் உயிருக்குப் போட்ட வேலி.

பயிற்சி பெறுவோரின் உயிரும் இதில் அடங்கும். 2024 அக்டோபர் 10ஆம் தேதி நாசிக் அருகே தேவ்லாலி பீரங்கிப் பயிற்சி மையத்தில் குண்டு வெடித்து இரண்டு அக்னிவீரர்கள் இறந்தார்கள். இருவரும் இருபது, இருபத்தொரு வயதை ஒட்டிய பிள்ளைகள். போரைக் காணும் முன்பே பயிற்சிக் களத்தில் அவர்களைப் பறிகொடுத்தோம்.

இராயப்பரின் வாள்

ராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் இராயப்பர் என்று நாம் அழைக்கும் புனித பேதுரு. அவர் மீனவர். கெத்சமனித் தோட்டத்தில் அவர் கையில் ஒரு வாளும் இருந்தது. ஆண்டவரைப் பிடிக்க வந்தபோது, அச்சத்திலும் கோபத்திலும் வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளரான மால்குவின் காதை வெட்டினார். அந்தப் பணியாளர் அங்கே முடிவெடுத்தவர் அல்லர், சொன்ன வேலைக்கு வந்தவர். இயேசு வாளை உறையில் போடச் சொன்னார். வெட்டுண்ட காதையும் குணமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். ஆயுதம் எடுப்பவர் கவனிக்காமல் விடும் மனிதரை ஆண்டவர் கவனித்தார்.

அதே லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில், திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று யோவான் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சுமத்தாதீர்கள், கிடைக்கும் ஊதியத்தில் மனநிறைவு கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் தருகிறார். அதிகாரம் கையில் இருக்கும்போது தன்னை அடக்கிக்கொள்வதையே அவர் கற்பித்தார்.

திருச்சபையும் இவ்வழியிலேயே நடக்கிறது. நாட்டுப் பணிக்காகப் படையில் நேர்மையோடு கடமையாற்றுவோர் மக்களின் பாதுகாப்புக்கும் அமைதிக்கும் தொண்டு செய்கிறார்கள் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 79ஆம் எண்ணில் மதிப்போடு குறிப்பிட்டது. அதே எண்ணில், மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்பது பெருங்குற்றங்களுக்குச் சாக்காகாது என்றும் தெளிவாக்கியது. ஆகவே சீருடை அணியும்போது மனச்சான்றைக் கழற்றி வைக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, படைக்குச் செல்லும் பிள்ளைகளை வாழ்த்தி அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. இளைஞர் இயக்கக் கூட்டங்களில் இக்கேள்விகளைப் பேசுவோம். தவறான ஆணை வந்தால் என்ன செய்வாய், பயிற்சியில் ஆபத்தைக் கண்டால் யாரிடம் சொல்வாய் என்று வீட்டிலும் கேட்போம். இராணுவத்தில் சமய ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியாரும் உண்டு. அவர்களை நாடும் வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

இரண்டாவதாக, திரும்பி வருவோரை வரவேற்போம். 2022 ஜூன் 14ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலையான பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர்கள் இளம் வயதிலேயே ஆயுதப் பயிற்சியோடு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு வேலையும் மதிப்பும் கிடைக்காவிட்டால், அந்தத் திறமையைத் தவறான வழிக்கு அழைக்கப் பலர் காத்திருப்பார்கள். வடசென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அன்பியமும் அப்படித் திரும்பும் ஒரு பிள்ளைக்காவது துணை நிற்கட்டும்.

மூன்றாவதாக, மீனவர்களின் பாதுகாப்புக்காகக் கேட்போம். கடலில் சுடும் பயிற்சி பற்றிய எச்சரிக்கைகள் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செல்கின்றன. பெரும்பாலான ஃபைபர் படகுகளில் அவற்றைப் பெறும் கருவி இல்லை. நாளும் நேரமும் இடமும் தமிழில், உரிய காலத்தில், மீன் இறங்குதளம்வரை வந்து சேர வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் 'சாகர் கவச்' போன்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகைகள் நடக்கின்றன. மீனவர்களைக் கடலின் கண்களும் காதுகளும் என்று படையினர் பாராட்டுகிறார்கள். அப்படியானால் வீரர்களின் பயிற்சி வகுப்பிலும் மீனவர்கள் பேசட்டும். வலை போட்ட படகு எப்படி நகரும் என்று அவர்களே விளக்கட்டும்.

இப்படிக் கேட்பது நாட்டுக்கு எதிரானது அல்ல. ஜார்க்கண்டில் நேத்தர்ஹாட் பீரங்கிப் பயிற்சித் தளத்துக்காக 1,471 சதுர கிலோமீட்டர் அறிவிக்கப்பட்டபோது, 245 கிராமங்களின் ஆதிவாசி மக்கள் எழுந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கர் பலர். 1994 மார்ச் மாதம் தூத்துவாபானியில் அமைதியாகச் சாலையில் அமர்ந்து இராணுவ வாகனங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் கூடினார்கள். 2022 ஆகஸ்டில் அம்மாநில அரசு அந்த அறிவிப்பை நீட்டிப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்கள் கையில் ஆயுதம் எடுக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் இரண்டு மன்றாட்டுகளைச் சேர்ப்போம். கடலில் இருக்கும் நம் மீனவர்களுக்காக ஒன்று. ஆயுதம் ஏந்தி நிற்கும் நம் பிள்ளைகளுக்காக ஒன்று. வாளை உறையில் போடும் துணிவை இராயப்பருக்குத் தந்த ஆண்டவர், விசையின் மேல் விரல் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெளிந்த பார்வையையும் பொறுமையான கையையும் தருவாராக.